அணுப் படத்தோடு பெண் பார்க்கப் போன மாசிலாமணி

மாசிலாமணி போய்விட்டான். இன்று காலை, கோவில்பட்டியில், அவன் வீட்டிலேயே. அவன் மனைவி ரூத்துதான் ஃபோனில் சொன்னாள்.

தெரியாதவர்களுக்கு: டாக்டர் மாசிலாமணி, பிசிக்ஸ். உலோகத்தின் மேற்பரப்பில் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று வாழ்நாள் முழுக்க எட்டிப் பார்த்தவன். பள்ளியில் என் பெஞ்ச். பரீட்சையில் பேப்பர் காட்டி அவனை விஞ்ஞானியாக்கியது அடியேன்தான்... ஆதாரம் கேட்காதீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன் லீவில் வந்தான். வரவேற்க ஸ்டேஷனில் ஒரு லட்சம் பேர்... சரி, ஏழு பேர்.

செண்ட் பாட்டில் இருக்கும் என்று பெட்டியைத் திறந்தால் அத்தனையும் போட்டோ. கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், வட்டம் வட்டமாக.

பிளாட்டினம் கம்பியை ஊசியைவிடக் கூராக்கி, காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, துளி ஹீலியம் விட்டு, கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் முனையிலுள்ள அணுக்கள் திரையில் தெரியுமாம். ஒரு புள்ளி, ஒரு அணு.

வரிசையில் எங்கெங்கே அணு இல்லாமல் காலியாக இருக்கிறது என்று எண்ண வேண்டும். பயல் மூன்று முறை எண்ணினான், மூன்று விடை வந்தது. லீவு முடிவதற்குள் சரியான கணக்கு இல்லையென்றால் புரொபசர் அந்த வேலையை வேறொருவனிடம் கொடுத்துவிடுவார்.

இதற்கு நடுவில் கழுகுமலைக்குப் பெண் பார்க்கப் போனோம், பயல் அந்தப் போட்டோப் பெட்டியையும் விடாமல் தூக்கிக்கொண்டு. பெண்ணின் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் போர்மன். தீக்குச்சி மருந்து ஒருமுறை பற்றியதில் பாதிப் புருவம் போனவர். பெண் ரூத், அதே ஆபீஸில் கட்டை சரிபார்ப்பவள். பெண்கள் மரக்கட்டையில் வரிவரியாகத் தீக்குச்சி செருகிக் கொண்டுவருவார்கள். ஒரு குச்சி குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ரூத் வந்து நின்ற நிமிடமே மாசிலாமணி காலி. நண்பனைத் தூக்கி நிறுத்த நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணாச்சி, இவன் லேசுப்பட்ட ஆளில்ல. அணுவையே ஆட்டிப் படைக்கிறவன்!"

அங்கேதான் கெடுத்தேன்.

"அணுவா? வெடிக்கிற சாமான்லா வே அது! எம் புருவத்தப் பாத்தீரா? பத்திக்கிற வேலைக்காரனுக்குப் பொண்ணு கிடையாது. அந்தப் பெட்டிய மொதல்ல வெளிய வையும்!"

"ஐயா, அது வெறும் படம்யா..." மாசிலாமணி கெஞ்சினான்.

பெட்டியைத் தூக்கும்போது ஒரு போட்டோ வழுக்கி விழுந்தது. ரூத் குனிந்து எடுத்தாள். பார்த்தாள். விரலை வைத்தாள்.

"இங்கன ஒண்ணு இல்லையே. இந்தா, இந்த வரியிலயும் விட்டுருக்கு. யாரு அடுக்குனது இத?"

"கடவுள்," என்றான் மாசிலாமணி.

"யாரு அடுக்குனாலும் நான் பாஸ் பண்ண மாட்டேன்."

பயல் அப்படியே தரையில் உட்கார்ந்து அடுத்தது, அடுத்தது என்று நீட்டினான். அவள் தொட்ட இடங்களில் இரண்டை அவன் மூன்று முறையும் தவறவிட்டிருந்தான்!

"ஏட்டி, தள்ளி நில்லு. வெடிச்சிரும்!"

"வெடிக்காதுப்பா. நம்ம கட்டை மாதிரிதான். குச்சிக்குப் பதிலா புள்ளி."

போர்மன் யோசித்தார். "மருந்து கிடையாதுல்லா?"

"துளி கூடக் கிடையாதுய்யா."

"அப்போ சரி."

கல்யாணத்தன்று, போளிக்குப் பேர்போன கடம்பூரில் ஒரு போளி மிச்சமில்லை. அதில் பாதி என் வயிற்றில்...

புது ஜோடி ஊட்டிக்குப் போகவில்லை. வீட்டில் போட்டோக்களைப் பரப்பி, அவன் ஒருமுறை, அவள் ஒருமுறை எண்ணினார்கள். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது இருவர் கணக்கும் ஒன்றாய் வந்தது. மாசிலாமணி போட்ட கூச்சலில் கயத்தாறு ரோட்டில் லாரிகள் பிரேக் போட்டன.

கட்டுரை அச்சில் வந்தது. கடைசி வரியில் ரூத்துக்கு நன்றி. போர்மன் மாமா அந்தப் பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தினார். "எம் பொண்ணு பேரு வே. இங்கிலீசுல போட்டிருக்கான்!"

இன்று காலை ஃபோனில் ரூத் சொன்னாள்: "அண்ணே, காப்பியில சீனி இல்லன்னு அவிய எங்கூட சண்டை போட்டாவ. நான் சீனி போட்டுக் கொண்டாரதுக்குள்ள..."

அழுதாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள்.

நாளை சாயங்காலம் அடக்கம். நான் வாரேன் மாப்ளே. நல்லாத் தூங்கு.