பாலங்களைச் சுற்றிய சிவப்புப் பென்சில்

பொலிஸ்காரர் என் பைக்குள் கைவிட்டு அந்த வரைபடத்தை எடுத்து, சோதனைச்சாவடியின் மணல் மூட்டைகள்மேல் விரித்தார். கண்டியையும் சுற்றுப்புறத்தையும் மைலுக்கு ஓரங்குலமாகக் காட்டும் படம் அது. மலைகளின் உயரத்தைச் சொல்லும் பழுப்புக் கோடுகள் நெருக்கமாகச் சுருண்டு கிடக்க, அவற்றுக்கிடையே மகாவலி நீலமாக வளைந்து போகும். பல கைகள் பட்டு மடிப்புகளில் துளை விழுந்திருந்ததால், பின்பக்கம் கோந்து தடவித் துணி ஒட்டியிருந்தேன். பொலிஸ்காரரின் விரல் ஆற்றின் வழியே மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு பாலத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு பாலம், இன்னொரு வட்டம். “மேக்க மொக்கத?” என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அவர் குரல் உயரவேயில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள். நான் தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கண்டி நகரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவியியல் படிப்பித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் வரைபடக் கேள்வி கட்டாயம் இருக்கும். என் வகுப்பு முழுவதற்கும் இருந்தது அந்த ஒரு படம்தான். ‘போக்குவரத்துப் பாதைகளையும் பாலங்களையும் அடையாளம் காண்க’ என்ற பயிற்சிக்காகப் பிள்ளைகள் போட்ட வட்டங்கள் அவை. இரவல் வாங்கிய சிவப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்திப் போட்டிருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திவிட்டு வந்த காலையில்தான் பிடிபட்டேன். தமிழ்ப் பெண் ஒருத்தியின் பையில் பாலங்கள் குறித்த வரைபடம்! நான் சொன்ன விளக்கம் எனக்கே பொய் போலக் கேட்டது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. என்னை ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் பாடசாலையின் உப அதிபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், கணித ஆசிரியர். இளவயதிலேயே கண்டிக்கு வந்து அம்பிட்டியவில் குடியேறியவர். எண்பத்து மூன்றில், தமிழர்களைத் தேடித் தாக்கிய ஆடிக் கலவரத்தில் அவர் குடியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். அவரும் மனைவியும் சில வாரங்கள் அகதி முகாமில் இருந்தார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் வடக்கே போன பின்பும் அவர் போகவில்லை. அதே அம்பிட்டியவில் வேறொரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு, பாடசாலை திறந்த அன்றே வேலைக்கு வந்தவர். ஆனால் அதன் பிறகு அவர் எதற்கும் பயந்த மனிதராகவே எங்களுக்குத் தெரிந்தார். பிள்ளைகள் வரிசையாக வெளியே போகக்கூடாது. விளையாட்டுப் போட்டியில் பறை அடிக்கக்கூடாது. நான் வந்த முதல் வருடமே, பிள்ளைகளை ஹந்தானை மலைக்குக் கூட்டிப்போய் வரைபடம் வாசிக்கக் கற்பிக்க வேண்டும் என்று அனுமதி கேட்டேன். “படம் வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும் டீச்சர். மலை எங்கையும் ஓடிப்போகாது,” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் வகுப்பில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளிலிருந்து, வரும் பெண்ணொருத்தி இருந்தாள். ‘சமவுயரக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்தானது’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். ஆனால் தினமும் காலையில் சறுக்கிச் சறுக்கி இறங்கி வருகிறாளே, அந்தச் சரிவுதான் அது என்று அவளுக்குத் தெரியாது. இதைச் சொல்லி உப அதிபரோடு எத்தனையோ தடவை வாதாடினேன். பாடம் தெரிந்தவர், ஆனால் துணிவில்லாதவர் என்று ஆசிரியர் அறையில் சொல்லியும் இருக்கிறேன். அது அவர் காதுக்கும் போயிருக்கும்.

பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அவர் வருவார் என்று நான் நினைக்கவேயில்லை. அதிபர் அன்று கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வேறு யார் வரப்போகிறார்கள்? ஆனால் தினமும் என்னைப் பார்க்கும் அந்த பஸ்ஸின் கண்டக்டர், சிங்களவர், நகரத்துக்கு வந்ததும் நேரே எங்கள் பாடசாலைக்குப் போய் வாசற்காவலாளியிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஆனபோது வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேர்ட்டும் போட்ட ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் உப அதிபர். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டையை அவராகவே எடுத்து மேசைமேல் வைத்தார். யாழ்ப்பாணத்தார் என்றாலே புலி என்று சந்தேகித்த அந்தக் காலத்தில் அப்படியொரு அட்டையோடு பொலிஸ் நிலையத்துக்குள் தானாக நடந்து வருவது என்ன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. வரும் வழியில் பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குப் போய், அந்த அதிபரிடம் கேட்டு, அதே பரீட்சையின் சிங்களமொழி வினாத்தாள்களை வாங்கி வந்திருந்தார். பொறுப்பதிகாரியின் முன் அவற்றை விரித்து, முதலாவதாக இருந்த வரைபடக் கேள்வியை நல்ல சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். பொறுப்பதிகாரி வினாத்தாளையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளம் கான்ஸ்டபிளிடம், “நீ இதைச் செய்தாயா?” என்று கேட்டார். அதில்தான் தனக்குப் புள்ளி போனது என்று அவன் சொல்ல, அறையில் ஒரு சிரிப்பு வந்து அடங்கியது. நான் போகலாம் என்றார்கள். வரைபடத்தைத் தரவில்லை. உப அதிபரை மட்டும், விபரங்களை விசாரிக்க வேண்டும், இருக்கட்டும் என்றார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவர்தான் என் பக்கம் திரும்பி, “நீர் போம் டீச்சர். வீட்டில ஒருக்கால் சொல்லிவிடும்,” என்றார். கடைக்குப் போகும்போது சொல்வதுபோல் சொன்னார்.

அம்பிட்டியவில் அவருடைய மனைவி கதவைத் திறந்தார். நான் சொல்லத் தொடங்கியதுமே அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் பையை எடுத்து வந்தார். அதற்குள் சாரம், துவாய், பற்பொடி, பிரஷர் குளிசை எல்லாம் அடுக்கி இருந்தன. நான் அதிர்ந்துபோய்ப் பார்த்ததைக் கண்டு, “கலவரத்துக்குப் பிறகு இது எப்பவும் ரெடியாத்தான் இருக்கு பிள்ளை. இண்டைக்குப் பள்ளிக்கூடத்தால வெளிக்கிட முன்னம் ரெலிபோன் எடுத்தவர். வரச் சுணங்கும், பையைப் பாரும் எண்டு சொன்னவர்,” என்றார்.

தன்னை வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் அவர் வந்திருக்கிறார்.

சில நாட்கள் வைத்திருந்தார்கள். எங்கள் அதிபரும், வினாத்தாள் கொடுத்த அந்தச் சிங்கள அதிபரும் சேர்ந்து பலரைப் போய்ப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அவரை மீட்டு வந்தார்கள். அடுத்த நாள் காலைக்கூட்டத்தில் அவர் வழக்கமான இடத்தில் நின்றார்.  ஆனால் அதன்பின் யார் பேசினாலும் முகத்தைச் சற்றுத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். கேட்டால், “தடிமன், காது அடைச்சிருக்கு,” என்பார். அந்தத் தடிமன் பிறகு மாறவேயில்லை.

ஒரு கிழமை போயிருக்கும். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “எப்ப மலைக்குப் போறீர்?” என்றார். எனக்கு விளங்கவில்லை. “கவனமாய் இருந்தால் ஒண்டும் வராது எண்டு நினைச்சனான். கவனமாய் இருந்தும் வாறது வந்ததுதானே. பிள்ளையளாவது மலையைப் பார்க்கட்டும்.”

பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்தோம். சிங்களப் பாடசாலை தன் வரைபடத்தை இரவல் தந்தது. நல்ல வெயில் காலை. உப அதிபரும் குடையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க எங்களோடு ஏறினார். உச்சியில் படத்தை வடக்குப் பார்க்க வைத்து, கல் வைத்து நிறுத்தினோம். கீழே கண்டி வாவி, அப்பால் ஆறு, இந்தப் பக்கம் தேயிலை. பிள்ளைகள் படத்தையும் நிலத்தையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஹந்தானைப் பெண் மட்டும் முழங்காலில் நின்று படத்துக்குள் குனிந்திருந்தாள். பிறகு திடீரென்று, “டீச்சர்! இங்க பாருங்க, எங்க லயம் இருக்கு! மேப்புல எங்க லயத்தைப் போட்டிருக்காங்க!” என்றாள். சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளாக லயங்கள் வரிசையாக இருந்தன. அவளுடைய தாத்தா, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த பரம்பரை என்பதால், இந்த நாட்டின் பிரஜை அல்ல என்று எழுதப்பட்டே செத்துப்போனவர். என்னுடைய தாத்தாவும் அப்படித்தான். இத்தனை வருடம் அந்தப் படத்தைப் படிப்பித்தும் இதை நான் இப்படிப் பார்த்ததில்லை. உப அதிபர் குனிந்து, “எது, காட்டு பாப்பம்,” என்று அவளிடம் கேட்டு, அவள் விரல் வைத்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் அவளும் இன்னும் பலரும் புவியியலில் நன்றாகச் செய்தார்கள். உப அதிபர் ஓய்வு பெற்று, போர் முடிந்து வடக்குக்குப் பாதை திறந்த பின் மனைவியோடு யாழ்ப்பாணம் போய்விட்டார். நான் ஒருமுறை அங்கே போய் அவர்களைப் பார்த்தேன். “இங்க சமவுயரக்கோடு கீறத் தேவையில்லை டீச்சர், எல்லாம் தட்டை,” என்று சிரித்தார். சாப்பிட்டு முடிந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தபோது, அத்தனை வருடமாகச் சொல்ல முடியாமல் இருந்ததைச் சொன்னேன். அன்று நீங்கள் வந்திராவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ, அந்தத் துணிவு எனக்கு வராது என்றேன்.

அவர் கையை ஆட்டி மறுத்தார். “துணிவோ? பொலிஸ் வாசல்மட்டும் வந்திட்டு ஒருக்கால் திரும்பிப் போனனான். சந்திமட்டும் போயிட்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன, திரும்பவும் வந்தன்.”

பின்னாளில் நானும் ஒரு பாடசாலைக்கு அதிபராக இருந்தேன். ஆசிரியர்களுக்காகவும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும் எத்தனையோ வாசல்களில் போய் நிற்க வேண்டி வந்தது. அநேகமான தடவை சந்திவரை திரும்பி நடந்திருக்கிறேன்.