குனிந்த தலைக்கு மாதச் சம்பளம்

என் தம்பி கல்யாணத்தில் அவன் பக்கத்தில் நான் உட்காரலாமா கூடாதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் இருந்து செய்வது. கூறைப்புடவையின் ஒரு முனை அவனிடம் இருக்கும், மறுமுனை இவளிடம் இருக்கும். கட்டிக்கொடுத்து அனுப்பினாலும் பிறந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று ஊரறியச் சொல்வது அது. தம்பிக்கு நான் ஒரே அக்கா. பேச்சு வந்ததற்குக் காரணம் என் வேலை. நான் சினிமாவில் மாதச் சம்பளத்துக்கு இருந்தேன்.

எனக்கு நடிக்க ஆசை இருந்ததில்லை. ஆசை என் சித்தப்பா மகளுக்கு. நன்றாகப் பாடுவாள். கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்ப்பாள். கோயமுத்தூர் ஸ்டுடியோவில் கூட்டத்தில் உட்கார ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணமானவள் ஒருத்தி துணைக்குப் போனால் அனுப்புகிறேன் என்று சித்தப்பா சொன்னார். நான் அப்போது எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வாயே திறக்க மாட்டேன் என்பதால் யாருக்குத் துணை வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு எழவு வீட்டுக் காட்சி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழ வேண்டும். என் தங்கச்சி நன்றாகத்தான் அழுதாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். மற்றவர்களும் அப்படியே. அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தது. மூலையில் ஓர் ஆள் குறைகிறது என்று, தூக்குப்போசியோடு நின்ற என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவே எனக்குத் தலை நிமிரவில்லை. போசியில் தயிர்சோறு புளித்திருக்குமோ என்று நினைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி டைரக்டர் என்னைக் காட்டி, துக்கம் என்றால் இதுதான் துக்கம் என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

திரும்பி வரும்போது தங்கச்சி ரயிலில் என்னோடு பேசவில்லை. பிறகு மடத்துக்குளத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்தும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆள் கூட்டிப்போகிற ஏஜெண்டு, தலை குனிகிற அம்மா வேண்டுமாம் என்று சொல்லி அனுப்புவார். கோர்ட்டில் குனிந்தேன். கோயில் வாசலில் குனிந்தேன். வெள்ளம் வந்து போன ஊரில் குனிந்தேன். ஒவ்வொரு தடவையும் வீட்டு நினைப்புத்தான். அடுப்பை அணைத்தேனா, மாவு பொங்கியிருக்குமா என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. திரையில் பார்த்தால் எல்லாம் துக்கமாகத் தெரிந்தது. கம்பெனிக்கு லீவு போட்டுப் போட்டு, கடைசியில் நூல் சுற்றும் வேலை போயே போய்விட்டது. இதையே வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் யோசிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். பெரிய நடிகரும் மாதச் சம்பளம், குதிரை பிடிக்கிறவரும் மாதச் சம்பளம். என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்தால் போதாது, ஒரு வேஷம் செய்ய வேண்டும். கதாநாயகனின் அம்மா. புருஷனை இழந்தவள். வெள்ளைச் சேலை.

வீட்டில் மாமியார் கேட்டுவிட்டு உலையை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்.

"நீ வெள்ளை கட்டு, வேண்டாங்கலை. தாலியக் கழட்டக்கூடாது, ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கோ. கட்டியிருக்கற நேரம் பூராவும் எம்பையன் உங்கண்ணு முன்னால உக்காந்திருக்கோணும்."

என் வீட்டுக்காரர் பனியன் துணி ஓட்டுகிற மெஷினில் இருந்தார். இதற்காக நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டு பகலில் என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தபடியே தூங்கினார். மூச்சு விடுவது தெரியும். மாமியார் கேட்டது அவ்வளவுதானே.

எனக்கு ஒரே ஒரு வசனம் இருந்தது. மகனைப் பார்த்து, உன் அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பக்கம் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வரவில்லை. பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் வேறு எந்த வசனமும் வந்திருக்காது. வசனத்தை எடுத்துவிடுங்கள், அம்மா குனிந்தால் போதும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

பிறகு, செவரில் மாட்டப் புருஷன் போட்டோ வேண்டும் என்றார்கள். மாலை போட்ட போட்டோ. கொண்டுவரச் சொன்ன ஆள் மறந்துவிட்டார். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். முக்காலியில் ஓர் ஆம்பளை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று அவரை எழுப்பி, துண்டைப் போட்டு, ஒரு போட்டோ எடுத்துவிட்டார்கள். ராவெல்லாம் மெஷின் ஓட்டிய முகம். செத்தவர் படத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மாமியாரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. அவர் சினிமா பார்ப்பதில்லை.

அந்த மாதத்திலிருந்து எனக்குச் சம்பளம் வந்தது.

தம்பிக்குப் பெண் பேசி முடித்தபோது அந்தப் படம் ஊத்துக்குளி டெண்ட் கொட்டகைக்கு வந்தது. பெண் வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். வரப்போகிற ஒறம்பரைச் சொந்தம் நடித்த படம் அல்லவா. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் அப்பா வீட்டுப் பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். சீர்களை முன்னின்று செய்துவைக்கிற அருமைக்காரர் நடுவில் இருந்தார். பெண்ணின் அத்தைதான் ஆரம்பித்தார்.

"மாலை போட்ட போட்டோவ நானே பார்த்தனுங்க. வெள்ளைச் சீலை கட்டுனவங்க கையில எம்பட அண்ணன் புள்ளையோட கூறைச் சீலைய எப்படிங்க குடுக்கறது?"

எங்கள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தம்பி, அக்கா இல்லாமல் இணைச்சீர் வேண்டாம் என்றான். அவனைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். அருமைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, அம்மணி புருசன் இருக்காருங்களா என்று கேட்டார்.

பந்தக்கால் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"இருக்கறனுங்க."

அருமைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். போட்டோவில் இருந்தது யார் என்று கேட்டார்.

"நானேதானுங்க. நைட் ஷிப்ட் முடிச்ச மூஞ்சி. அதான் அப்படி உளுந்துருச்சு."

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "இன்னிக்கு எந்திரிச்சு நிக்கறாரு, செரி. வருசத்துக்கு நாலு தடவை சாகற மாப்பிள்ளைய வெச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது?"

அதிலும் ஞாயம் இருந்தது. அருமைக்காரர் தீர்ப்புச் சொன்னார். தாலி கழுத்தில் இருக்கிறது, கட்டினவரும் எதிரில் நிற்கிறார், அதனால் அக்காதான் சீருக்கு உட்கார வேண்டும். ஆனால் இனிமேல் அந்த வேலை வேண்டாம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போகாம இருந்துக்கலாமில்ல கண்ணு?"

பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்தேன். கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை கோர்ட்டு சீன் இருந்தது. காலை ரயிலுக்குப் போக வேண்டுமென்றால் கல்யாணச் சேலையை ஞாயிற்றுக்கிழமையே துவைத்துப் போட வேண்டும். மழை வருமா என்று நினைத்தேன். தரையில் ஒரு வெற்றிலைக் காம்பு கிடந்தது.

"புள்ள ஒத்துக்கிச்சு" என்றார் அருமைக்காரர். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம் என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் குனிவை முக்காலியில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்தவர். ஒரு இருமல் இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்தில் கூறைப்புடவையின் மறுமுனை என் கையில்தான் இருந்தது. சீர் நடக்கும்போது தம்பி என் காதோரம், "அக்கா, கொஞ்சம் சிரிங்க்கா" என்றான். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை ரயிலுக்குப் போனேன். அதற்குப் பிறகு, ஸ்டுடியோவில் வேலை இருந்த வரைக்கும் போனேன்.

தம்பி குழந்தைக்குத் தொட்டில் கட்டிய அன்று அந்த அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னைக்குப் பந்தலில் ஒத்துக்கிட்டீங்களே, இன்னும் படத்தில் வருகிறீர்களாமே என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றேன்.

அவர் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டினார். சொல்லலதான் என்றார். பிறகு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து வந்து, அந்தப் படத்தில் மகன் கடைசியில் உங்களுக்குக் கஞ்சி ஊத்தினானா இல்லையா என்று கேட்டார். மழை வந்து கொட்டகை ஒழுகியதில் பாதியில் எழுந்து வந்துவிட்டார்களாம்.

ஊற்றினான் என்றேன்.