அக்காவின் மடங்கிய முழங்கால்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்களில் பலர் எங்கள் அக்காவைப் படுத்த நிலையில்தான் பார்த்திருப்பீர்கள். அக்கா பிறந்தது அம்மாவின் ஊரான ஜெயங்கொண்டத்தில். பிறந்ததும் அழவில்லை. மூளை அப்போதே அடிபட்டுவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். அப்பாவுக்கு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை என்பதால் அங்கேதான் வளர்ந்தார்.

நான்கு வயதில், கக்கத்தில் பிடித்து நிறுத்தினால் அக்கா நுனிவிரலில் விறைப்பாக நிற்பாராம். “கால்ல என்னா பலம் பாரு, நடந்துருவா” என்று பெரியப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருக்கிறார். அது பலமே இல்லை. திருச்சி டாக்டர்தான் அம்மாவுக்கு விளக்கினார்.

“குறை மூளையிலதாம்மா. ஆனா எந்நேரமும் இறுகியே கெடக்குறதால சதையும் மாறுது. உள்ள நார் சேந்து கெட்டியாயிடும். எலும்பு வளர்ற அளவுக்குச் சதை நீளாது. தெனம் மெதுவா நீட்டி விடுங்க.”

அம்மா வெந்நீர்த் துணி போட்டுக் காலை நீட்டுவார். அக்கா அலறுவார். பார்க்க வந்தவர்கள், “புள்ளைய ஏன் இப்படி வதைக்கிற?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

அக்காவுக்குப் பேச்சு வராது. ஆனால் அப்பாவின் சைக்கிள் சத்தம் எங்களுக்கு முன்பே அவருக்குக் கேட்டுவிடும். முகமெல்லாம் சிரிப்பார்.

அக்கா நடப்பார் என்ற ஆசையை அம்மா சீக்கிரமே விட்டுவிட்டார். வலியில்லாமல் கால் நீட்டித் தூங்கினால் போதும் என்பார். அதுவும் கிடைக்கவில்லை. பாவாடை குட்டையானால் மற்ற வீடுகளில் சந்தோஷப்படுவார்கள். எலும்பு நீண்டுவிட்டதே என்று அம்மா அன்று இன்னொரு தடவை வெந்நீர்த் துணி போடுவார். பன்னிரண்டு வயதுக்குமேல் அக்கா மளமளவென வளர்ந்தார். இடுப்பு மூட்டு விலகியது. முதுகு வளைந்தது. நெஞ்சு விரிய இடமில்லாமல் சளி கட்டி, போன மழைக்காலத்தில், பதினேழு வயதில் எங்களை விட்டுப் போனார்.

உடலைக் கிடத்தியபோது கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட முடியவில்லை. முழங்கால்கள் நிமிரவில்லை.

“அமுத்திப் புடிங்கப்பா, நிமிந்துரும்” என்றார் பெரியப்பா.

அம்மா குறுக்கே விழுந்து மறித்தார். “நான் நீட்டுனது போதும். இனிமே யாரும் அவ கால நீட்டக் கூடாது. தொடாதீங்க.”

யாரும் தொடவில்லை. மாமா இடுகாட்டுக்கு ஓடி, வெட்டி முடித்திருந்த குழியை அகலப்படுத்தச் சொன்னார்.

எங்களைத் தாங்கிப் பிடித்த உறவினர்களுக்கும் அப்பாவின் ஆலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுண்ணாம்புப் பாறையென்றும் பாராமல், மழையில் நின்று அந்தக் குழியை அகலமாக வெட்டித் தந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அக்கா காலை நீட்டாமலே படுத்திருக்கிறார்.