பூட்டிய மார்ஜினும் பழுத்த தக்காளியும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பிரிண்டரைச் சுற்றி நின்று கைதட்டினோம். ஒருவர் விசில்கூட அடித்தார். எதற்கு? ஒரே ஒரு தாள் ஒழுங்காக வெளியே வந்ததற்கு!

சிரிக்காதீர்கள். அங்கே இருந்திருந்தால் நீங்களும் தட்டியிருப்பீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் காய்கறி அனுப்பும் அலுவலகம் எங்களுடையது. நான் கணக்குப் பிரிவு. பில்லோ, சரக்குப் பட்டியலோ... எதற்கும் கம்ப்யூட்டரில் ஒரு டெம்ப்ளேட் உண்டு. காலிக் கட்டங்களை மட்டும் நிரப்பலாம். மற்றதெல்லாம் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டு. பூட்டியவர் கிரேஸ் மேடம். எங்கள் டாக்குமென்ட் பிரிவின் தலைவி, பக்கத்தில் உள்ள நாசரேத் ஊர்க்காரர். ஒரு கமா இடம் மாறினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

அவரையும் குறை சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை, சீனியர் கிளார்க் அந்தோணி அண்ணாச்சி டெம்ப்ளேட்டை 'அழகுபடுத்த'ப் போய், மாலத்தீவு வெங்காயத்துக்குக் கொழும்பு விலாசம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு விழுந்த பூட்டு. எழுத்தோடு சேர்த்து பேப்பர் சைஸ், மார்ஜின், பிரிண்ட் செட்டிங் எல்லாமே உள்ளே போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை மேடம் லீவ். நாசரேத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அன்றைக்குத் தக்காளி லோடு. அதை முதல்முறையாகத் தனியாக அனுப்புபவள் பாத்திமா, காயல்பட்டினத்துப் பெண், வேலைக்குப் புதிது. "இத ஒழுங்கா ஏத்திட்டா தோணி டெஸ்க் ஒனக்குத்தாம்மா" என்று முதலாளி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால்? மறுபடியும் ஃபைல் அடுக்கும் வேலைதான்.

காலையில் புது லெட்டர்ஹெட் கட்டைப் பிரித்தோம். தீர்ந்துபோன பழையது நீளத்தாள். புதியது அதைவிடக் குட்டையான ஏ4. டெம்ப்ளேட்டோ நீளத்தாளுக்குச் செய்தது. பாத்திமா சரக்குப் பட்டியலை பிரிண்ட் கொடுத்தாள். தக்காளி எல்லாம் முதல் தாளில் வந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் இரண்டாவது தாளில், தனியாக!

துறைமுகக் கவுண்டரில் வாங்கவில்லை. "கையெழுத்தும் சரக்கும் ஒரே தாள்ல இருக்கணும்மா."

மார்ஜினைக் குறைக்கலாம் என்று போனால் எல்லா பட்டனும் சாம்பல் நிறம். அமுக்கினால் அசையவில்லை. அந்தோணி அண்ணாச்சி கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டாம் தாளிலிருந்து கையெழுத்து வரியை வெட்டி, முதல் தாளின் ஓரத்தில் பசை போட்டு ஒட்டினார். ஃபேன் காற்றில் அது பறந்துபோய் என் டீயில் விழுந்தது.

இதற்குள் தோணியை ஓட்டும் தண்டலிடமிருந்து போன். "யம்மா, சீக்கிரம் வாங்க. தக்காளி இங்கனயே ரசமாயிரும் போலுக்கு!"

பாத்திமாவின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! ஒரு பெண்ணின் வேலை, அரை இன்ச் மார்ஜினில் தொங்குவதா? மேடத்துக்கு போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் முழங்கியது.

"எழுத்துல கை வச்சீங்களா?"

"இல்ல மேடம். மார்ஜின் மட்டும்தான். பாஸ்வேர்டைச் சொன்னீங்கன்னா..."

தாலியைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேனோ?

"போன்லயா? நானே வாரேன்."

வந்தார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் பிரிக்காத தாம்பூலப் பை. பந்தியில் உட்காராமலே கார் ஏறியிருக்கிறார். பூட்டைத் திறந்தார். எழுத்தை மட்டும் திரும்பப் பூட்டினார். பேப்பர் சைஸையும் மார்ஜினையும் திறந்தே விட்டார். நாற்காலியை பாத்திமா பக்கம் தள்ளினார்.

"நீயே வைம்மா."

பாத்திமா ஏ4 வைத்தாள். மார்ஜினைச் சுருக்கினாள். பிரிண்டர் கொஞ்சம் முனகியது... ஒரே தாள்! தக்காளியும் கையெழுத்தும் ஒன்றாக! அப்போதுதான் அந்தக் கைதட்டல். விசில் அந்தோணி அண்ணாச்சியுடையது. பாத்திமா தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. தோணி கிளம்பிவிட்டது, தக்காளி தக்காளியாகவே!

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோருமே இப்படித்தான். பீரோவைப் பூட்டுவது நியாயம். ஃபேன் சுவிட்சையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, வேர்க்கிறதே என்று அடுத்தவரைத் திட்டுவோம். வீட்டு ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். யார் கையில் இருக்கிறது?

மறுநாள் அலுவலகமே திருவிழா. ஆளாளுக்கு ஒரு மார்ஜின். அந்தோணி அண்ணாச்சி வெங்காயப் பட்டியலைப் படுக்கை வாக்கில் அடித்து, "பாத்தியளா, கப்பல் மாதிரி இருக்கு" என்று மேஜை மேஜையாகக் காட்டினார். விலாசம் மாலத்தீவாகவே இருந்தது. மேடம் அதை மட்டும் சரிபார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பாத்திமா தோணி டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தாள். மேடம் மெதுவாக அவளிடம் வந்தார். இதுவரை 'மிஸ் பாத்திமா' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏளா, நேத்து சாப்பிடாம வந்துட்டேம்லா, இன்னைக்கு மறுவீட்டு விருந்துக்கு வரச் சொல்லுதாவ. என் லீவ் லெட்டர் ரெண்டாவது பக்கத்துக்கு ஓடுது. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக் குடேன்."