ஐந்து மணி இரண்டு நிமிடம்

மாலை ஐந்து மணி. மற்றவர்களுக்கு அது வேலை விடுகிற நேரம். எனக்கு அது ஆறு வருஷமாகப் பொய் தொடங்குகிற நேரம்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில், இரும்பு டிரம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டை ஒட்டி ஒரு மேஜை, தலைக்கு மேல் ஒரு ஃபேன், சுவரில் விரல் ரேகை வைக்கிற மிஷின். காலை எட்டுக்கு நாற்பது பேர் விரல் வைத்து உள்ளே போவார்கள். மாலை ஐந்துக்கு அதே நாற்பது பேரும் வரிசையில் வந்து விரல் வைப்பார்கள். பிறகு டீ குடித்துவிட்டு, வந்த வழியிலேயே மறுபடி உள்ளே போய் எட்டு மணி வரை வேலை பார்ப்பார்கள். மிஷின் கணக்குப்படி அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு அவர்கள் கிளம்பும்போது, அந்த மூன்று மணி நேரத்தை மஞ்சள் அட்டை போட்ட ஒரு நோட்டில் நான் பேனாவால் எழுதிக்கொள்வேன்.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். ஆறு நாள், எட்டு மணி நேரத்திலேயே அது நிரம்பிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம். அதையும் இஷ்டத்துக்கு நீட்ட முடியாது, மூன்று மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. சேர்ந்த முதல் மாதம், நாள் கூலி ஐந்நூற்று அறுபது, எட்டால் வகுத்தால் எழுபது, இரட்டித்தால் நூற்று நாற்பது என்று ஒழுங்காகப் போட்டு மேனேஜரிடம் நீட்டினேன். "என்னம்மா, கம்பெனியையே எழுதி வாங்கிடுவே போல இருக்கே?" என்று சிரித்துக்கொண்டே நூற்று நாற்பதை அடித்து எழுபது என்று எழுதினார். ரொக்கம், கவரில். பி.எஃப்., இஎஸ்ஐ பிடித்தம் இல்லாமல் கைக்கு வருகிறதே என்று ஆட்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் புருஷனிடம் மூச்சு விடாமல் சண்டை போடுகிற வாய், கம்பெனிக்குள் பூட்டிக்கொள்ளும்.

டிரம் மூடி அடிக்கிற பிரஸ் மிஷினில் ஒருவர் நிற்பார். நாற்பது வயசு இருக்கும், வியாசர்பாடியிலிருந்து வருவார், இரண்டு பெண் பிள்ளைகள். எட்டு மணிக்கு என் மேஜைப் பக்கம் வந்து, "அக்கா, ஒரு அவரு சேத்துப் போடுக்கா, உன் கை ராசியான கை" என்று தினமும் கிண்டல் பண்ணுவார்.

ஒரு வியாழக்கிழமை ஏழு மணிக்கு பிரஸ் சத்தம் பாதியில் நின்றது. யாரோ அவர் கையில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்தபடி கேட்டுக்கு இழுத்து வந்தார்கள். துண்டு நிறம் மாறிக்கொண்டே வந்தது. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஆட்டோவில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் மனசில் முதலில் வந்தது அவர் கை இல்லை. சொல்லவே கூசுகிறது. ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு அவர் மிஷினில் விரல் வைத்துவிட்டாரே என்பதுதான் வந்தது. நசுங்கிப்போன அதே விரல்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வீட்ல மோட்டார் ரிப்பேர் பண்றப்போ மாட்டிக்கிச்சுன்னு எழுதிடலாம். ஆஸ்பத்திரி செலவு நாம பாத்துக்கலாம். மிஷின்ல ஆள் அஞ்சு மணிக்கே வெளிய போயாச்சு. நோட்டு எங்க?"

"வீட்ல இருக்கு சார். வாரக் கூட்டல் போட எடுத்துட்டுப் போனேன்."

"நாளைக்குக் கொண்டு வந்துடு. அதுல எல்லாம் உன் கையெழுத்து. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல கூப்பிடப் போறது உன்னைத்தான்."

மத்தியானம் அடிபட்டவரின் மனைவி வந்தாள். கொடுங்கையூரில் துப்புரவு வேலை பார்ப்பவள், வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். வேலையில் அடிபட்டிருந்தால் போன விரலுக்கு ஆயுசுக்கும் மாசாமாசம் பணம் வரும், வீட்டில் அடிபட்டது என்றால் அது கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

"டைமு நீதானக்கா எய்துவ? வேலைலதான் இருந்தாருன்னு ஒரு வார்த்தை எய்திக் குடு."

"மிஷின்ல அஞ்சுன்னு காட்டுதும்மா."

அவள் திரும்பி மிஷினைப் பார்த்தாள். "மிசினு கெடக்கட்டும். நீ இன்னா சொல்ற?"

பார்க்கிறேன், போ என்றேன்.

வீட்டில் நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு நாளும் அவர் பேருக்கு நேராக மூன்று, மூன்று, மூன்று. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் மட்டும் தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை. என் புருஷன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். முதுகு பிடித்து இரண்டு மாதமாக வீட்டில் கிடந்தார். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குடி காயுது? குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நோட்டு முழுவதையும் நகல் எடுத்தேன். கடைக்கார அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, தெருவில் போகிற பைக் எல்லாம் மேனேஜர் பைக்காகவே கேட்டது. நோட்டை மேனேஜரிடம் கொடுத்தேன். அன்றைக்கே பின்பக்கம் குப்பையோடு எரித்தார்கள். நகலை அடிபட்டவரின் மனைவி கையில் கொடுத்தேன். யார் கொடுத்தார்கள் என்று சொல்லாதே என்று கெஞ்சினேன். கையெழுத்தே சொல்லிவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

பத்து நாள் கழித்து இஎஸ்ஐயிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர் நகலை மேஜையில் வைத்து, "இது யார் கையெழுத்து?" என்றார்.

"என்னோடது சார்."

"விபத்து நடந்த அன்னிக்கு ஒண்ணும் எழுதலையே?"

"எட்டு மணிக்குத்தான் சார் எழுதுவேன். அன்னிக்கு எட்டு மணிக்கு ரத்தம் கழுவிக்கிட்டு இருந்தோம்."

"ஏழு மணிக்கு அவர் எங்க இருந்தார்?"

"பிரஸ்ல."

அவர் எழுதிக்கொண்டார். வந்தவர் போன பிறகு மேனேஜர் திட்டவில்லை. "பாத்துக்கலாம்மா" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. விரல் போனவருக்கு மாசாமாசம் பணம் வர ஏற்பாடாயிற்று. ஐந்து மணிக்கு மேல் வேலை நின்றுபோயிற்று. "அக்காவாலதான் நம்ம கவரு போச்சு" என்று என் காதுபடவே பேசினார்கள்.

ஐந்தாறு மாதம் போனது. ஆர்டர் குவிந்ததும், இன்று முதல் பழையபடி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் மேஜையில் புது நோட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. இந்த முறை நீல அட்டை. அதே வாரம் விரல் போனவர் வேலைக்குத் திரும்பினார், பேக்கிங் பக்கம். மிஷினுக்கு அவரைத் தெரியவில்லை. இடது கை ஆள்காட்டி விரலை நான்தான் பிடித்து அழுத்தி, புதிதாகப் பதிவு பண்ணினேன். விரல் சில்லென்று இருந்தது.

ஐந்து மணிக்கு வரிசை நின்றது. முதல் ஆளாக அவர். இடது கையை நீட்டினார். நான் எழுந்து போய் மிஷின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"வேலை முடிச்சுட்டு வந்து வை."

"இன்னாக்கா இது? உனுக்கு வேல பூடும்."

"எட்டு மணிக்கு வந்து வைப்பா."

மேனேஜர் ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, விரல் வைக்காமலே உள்ளே போனார். அடுத்த ஆள் என் கையைப் பார்த்தபடி நின்றார். நான் கையை எடுக்கவில்லை.