சந்தனம் வைத்த தகடு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆய்வகத்தில் என் சீனியரோ நாலு தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளை. ஆயுத பூஜையன்று அவர் செய்ததை எங்கள் ஈஜிபுரா தெருவில் கைநாட்டு வைப்பவர்கூடச் செய்திருக்க மாட்டார்.

கண்ணாடித் தகட்டில் நான் உலையில் வளர்த்த கார்பன் நானோ குழாய்கள் புல்போல நெருங்கி நின்றன. கண்ணுக்கு வெறும் கறுப்புப் பூச்சு. தண்ணீர் விட்டால் ஒட்டாது, முத்தாக உருண்டு ஓடும். மறுநாள் ஒரு கம்பெனிக்காரர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால்தான் எனக்கு இன்னொரு வருடம் வேலை.

சீனியர் மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தார், உலைக்கு மாலை போட்டார், பிறகு என் தகட்டுக்கு வந்தார். தண்ணீராகக் கரைத்த சந்தனம் வழுக்கி ஓடியது. விடவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

“சார், நசுங்கிடும்!”

“சாமி சந்தனம்மா. அது போய்க் கெடுக்குமா?”

“சாமி கெடுக்காது சார். உங்க விரல் கெடுக்கும்.”

டிஷ்யூவால் துடைத்துவிட்டு, “பாரு, புதுசு மாதிரி இருக்கு” என்றார். நீர் ஒட்டாப் பரப்பைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிற மனிதர்! வேறு தகடு வளர்க்கலாம் என்றால், பூஜை போட்ட உலையை மறுநாள்வரை தொடக்கூடாதாம். அதுவும் அவர் உத்தரவு.

மறுநாள் காலை கம்பெனிப் பெரியவர் வந்தார். சீனியர் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கட்டைவிரல் பட்ட இடத்தில் அது அப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

“இன்னிக்குக் காத்துல ஈரம் ஜாஸ்தி சார்” என்றார் சீனியர்.

“இன்னா சார், இத மழைக்கோட்டுக்குப் பூசலாம்னீங்க. மழையில ஈரம் இல்லாமயா இருக்கும்?”

சீனியர் என்னைப் பார்த்தார், பொய்க்குத் துணை வரச் சொல்லும் பார்வை.

“ஈரம் இல்ல சார், கை பட்டுடுச்சு. பட்டா குழாய் சாஞ்சிடும். மழைக்கோட்டுக்கெல்லாம் இது ஆகாது” என்றேன்.

சீனியர் முகம் கறுத்தது. அதே கார்பனை ஏற்றிய ஸ்பாஞ்சை எடுத்துவந்தேன். “பாத்திரம் கழுவவா?” என்று அவர் கேலி செய்த ஸ்பாஞ்ச். தண்ணீரில் மிதந்த என்ஜின் ஆயிலை அது உறிஞ்சியது, தண்ணீரைத் தொடவில்லை. இதில் குழாய்கள் நிற்காமல் பின்னிக் கிடப்பதால் நசுங்கும் பயமில்லை; கையால் பிழிந்து மறுபடி போட்டேன். மறுபடி உறிஞ்சியது.

“அட! கேரேஜ் கழிவுத் தண்ணிக்கு ஆவுமே. யாரு பண்ணது?”

“எங்க டீம்ல...” என்று இழுத்தார் சீனியர்.

“நான்தான் சார்” என்றேன். “இன்னொரு வருஷம் குடுங்க, ட்ரம்ல போடற சைஸுக்குப் பண்ணித் தரேன்.”

கொடுத்தார்.