மாடத்தி மடியில் ஒரு பிடி மிளகு

கொச்சியை எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுபத்தேழில், விருதுநகர் முதலாளிக்காக மிளகு வாங்க இரண்டு நாள் போயிருந்தேன். வந்தது வந்தாயிற்று, கடலையும் பார்த்துவிடுவோம் என்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் தேர்த் திருவிழா மாதிரிக் கூட்டம். அலையைப் பார்த்தேனோ இல்லையோ, சட்டைப்பையை விட்டுக் கையை எடுக்கவில்லை. கடலை விற்றவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் சிரிக்கிறான் என்று சந்தேகப்பட்டு அவனிடம் வாங்கவில்லை. நான் அப்படித்தான். நல்லசிவத்தை எவனும் ஏமாற்ற முடியாது என்று எங்கள் பஜாரில் எனக்குப் பெயர்.

மறுநாள் காலை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்கில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ராமபத்ரன் தேனாகப் பேசினார். தேனாகப் பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒவ்வொரு மூட்டையாகக் கைவிட்டுப் பார்த்து இருபது மூட்டையைப் பொறுக்கி, புடைத்துத் தைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். கொட்டை கொட்டையாய்ச் சோறு. பாதியில் எழுந்து திரும்பி வந்தேன்.

வந்தால், ஜன்னலோரம் இருந்த ஒருத்தி என் சரக்கைப் புடைத்து முடித்த குவியலிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளி மடியில் முடிகிறாள்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“திருடி! பட்டப்பகலிலே என் சரக்கிலேயே கைவைக்கிறியா?” என்று கத்தினேன். தெருவில் போன கைவண்டிக்காரன்கூட நின்று எட்டிப் பார்த்தான்.

அவள் மிரளவில்லை. “இது சாட்சி மணியாணு, அண்ணாச்சி. நான் புடைச்ச மிளகு. லாரி போற வரைக்கும் மடியில வெப்போம். ஏத்தும்போது மிளகு மோசம்னு யாராவது சொன்னா காட்டணுமில்லே? லாரி போனா குவியல்லயே போட்டுருவோம்.”

“அப்படியொரு வழக்கமா?” என்று ராமபத்ரனைக் கேட்டேன்.

“இங்கே அப்படி ஒண்ணும் இல்லை” என்றார் அவர்.

முப்பது பேர் மடியிலும் அப்படியொரு முடிச்சு இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் மேஸ்திரி முகத்தையே பார்த்தார்கள்.

அவள் முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் கொட்டினாள். கறுகறுவென்று முதல் தரமான மிளகு. “இப்போ மூட்டையைக் குத்திப் பாருங்க” என்றாள். குத்தூசியை வாங்கி, தைத்து வைத்திருந்த மூட்டையில் செருகி இழுத்தேன். பாதிக்குப் பாதி பப்பாளி விதை! நான் சாப்பிடப் போன நேரத்தில் மூட்டையை மாற்றியிருக்கிறார்கள்.

ராமபத்ரன் என் தோளில் கைபோட்டு உள்ளறைக்கு அழைத்துப் போனார். “சத்தம் வேண்டாம் கேட்டோ. உங்க மூட்டை பின்னாலே பத்திரமா இருக்கு, அப்படியே ஏத்தித் தர்றேன். விஷயம் எங்க முதலாளி காதுக்குப் போக வேண்டாம். அவ மிளகு எடுத்தா, நீங்க பிடிச்சீங்க. அது அப்படியே இருக்கட்டும்.”

எனக்குப் புரியாமல் இல்லை. என் இருபது மூட்டை எனக்கு வேண்டும். சரி என்றேன்.

சரக்கை லாரிக்காரனை நம்பி விடுகிற ஆளில்லை நான். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். “நான் கள்ளி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அண்ணாச்சி. இல்லேன்னா நாளையிலிருந்து இந்த ரோட்டிலே ஒரு கிடங்கிலும் எனக்குச் சுளகு தரமாட்டாங்க.” அவளுக்குப் பின்னால் அத்தனை பெண்களும் நின்றார்கள். வண்டியை எடு என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி போனபோது, கிடங்குக்கு எதிர்ச் சாயாக்கடையில் வேலை செய்த பிச்சை என்னை அடையாளம் கண்டுகொண்டான். ராஜபாளையத்துக்காரன். “மாடத்தியைத் திருடியாக்கினது நீங்கதானே?” என்று டம்ளரை டங்கென்று வைத்தான். அவள் பெயரே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுடைய அப்பனும் ஆத்தாளும் சங்கரன்கோயில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களாம். ஒன்பது வயதில் ஆத்தாளோடு சுளகு பிடித்தவள். அந்த ஜன்னலோர இடம் ஆத்தாள் இருந்த இடம். மிளகு சுளகில் விழுகிற சத்தத்தை வைத்தே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாளாம். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள், மலையாளப் பள்ளிக்கூடம். “இருபத்தாறு வருஷம் ஒரு மணி எடுத்ததில்லை. இப்போ தோப்பும்படியிலே இறால் உரிக்கிறா” என்றான் பிச்சை. சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

தோப்பும்படிக்குப் போனேன். கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வெளுத்து உப்பியிருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த முறை எதைப் பிடுங்க வந்திருக்கிறான் என்ற பார்வை.

குனிந்து, “தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரும்மா” என்றேன்.

“அன்னைக்கு ரோடு வரைக்கும் கேட்கச் சத்தம் போட்டீங்க. இப்போ எந்தா காதுக்குள்ளே பறயிறீங்க?”

நிமிர்ந்து, “மாடத்தி திருடி இல்லை! நான்தான் பொய் சொன்னேன்!” என்று கத்தினேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

மாடத்தி சிரிக்கவில்லை. “இவங்க யாரும் என்னைக் கள்ளின்னு சொன்னதில்லை, அண்ணாச்சி. பஜார் ரோட்டிலே போய்ப் பறயுங்க. ராமபத்ரன் சேட்டன் அங்கேதான் இருக்காரு. அந்தப் பொம்பளைங்களும் இருக்காங்க.”

“இப்பவே போறேன்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அந்த வருஷச் சரக்கையும் அதே கிடங்கில்தான் பேசி முடித்திருந்தேன். லாரி மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். மட்டாஞ்சேரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியைக் காட்டி, “கேறுந்நுண்டோ?” என்றான். இல்லையென்று தலையாட்டினேன். அடுத்து வந்த எர்ணாகுளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.